ரத்த அணுக்கள் ஏறும்போது நுரையீரல் படம் ஏன் மோசமாகிறது?

வாசகி கேள்வி: நாங்கள் பட்டர்வொர்த்தில் இருக்கிறோம். என் தம்பிக்கு வயது 29. ஏஎம்எல் வகை ரத்தப் புற்றுநோய். முதல் கீமோவுக்குப் பிறகு மூன்று வாரம் வெள்ளை அணுக்கள் பூஜ்யத்திலேயே கிடந்தன. காய்ச்சல் விடாததால் சிடி ஸ்கேன் எடுத்து, நுரையீரலில் ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை என்று சொல்லி வோரிகோனசோல் என்ற பூஞ்சை மருந்தைத் தொடங்கினார்கள். பத்து நாளில் அணுக்கள் ஏற ஆரம்பித்தன. நிம்மதியானோம். ஆனால் அடுத்த ஸ்கேனில் கட்டி பெரிதாகி, நடுவில் ஓட்டை விழுந்திருக்கிறதாம். சளியில் ரத்தக் கோடும் தெரிகிறது. எதிர்ப்பு சக்தி திரும்பினால் நோய் குறையத்தானே வேண்டும்? மருந்து கேட்கவில்லையா? அம்மா சீந்தில் கஷாயமும் சபா ஸ்னேக் கிராஸ் சாறும் கொடுக்கலாம் என்கிறார். வீட்டுக்கு வந்தால் எதையெல்லாம் கவனிக்க வேண்டும்? என் ரத்தத்தையோ வெள்ளை அணுக்களையோ அவனுக்குக் கொடுக்க முடியுமா?

தொற்றுநோய் மருத்துவர் பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

முதலில் ரத்தத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சளியில் கோடு போலத் தெரிந்தாலும் உடனே வார்டுத் தாதியிடம் சொல்லுங்கள். காலையில் டாக்டர் ரவுண்ட்ஸ் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் இருக்கும்போது ஒரு தேக்கரண்டி அளவு புது ரத்தம் வந்தாலே 999ஐ அழையுங்கள். ஆம்புலன்ஸ் வரும்வரை, புண் உள்ள நுரையீரல் கீழ்ப்பக்கமாக இருக்கும்படி ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். அப்போதுதான் ரத்தம் நல்ல நுரையீரலுக்குள் இறங்காது. அதனால் புண் வலப்பக்கமா, இடப்பக்கமா என்று இன்றே கேட்டு, வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள். வலிக்கும் காய்ச்சலுக்கும் ஆஸ்பிரின், ஐபுபுரோஃபன், பொன்ஸ்டான் எதுவும் கூடாது. தம்பிக்கு ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் அணுக்களும் குறைவாகத்தான் இருக்கும். இருக்கிற கொஞ்சத்தையும் அந்த மாத்திரைகள் வேலை செய்ய விடாது.

இனி உங்கள் முக்கியக் கேள்வி. வெள்ளை அணுக்கள் ஏறும் வாரத்தில் ஸ்கேன் படம் மோசமாவது எதிர்பார்த்ததுதான். மருந்து தோற்றுவிட்டது என்று அதை வைத்து மட்டும் முடிவு கட்டக் கூடாது. பெரும்பாலானவர்களுக்கு அது உடல் பூஞ்சையை எதிர்க்கத் தொடங்கியதன் அறிகுறி. அதே சமயம், ரத்தக் கசிவுக்கு மிக ஆபத்தான காலமும் இந்த ஒன்றிரண்டு வாரங்கள்தான். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது புரிய வேண்டுமானால் நுரையீரலுக்குள் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டும்.

ஆஸ்பர்ஜில்லஸ் வித்துகள் காற்றில் எங்கும் இருக்கின்றன. மக்கும் இலை, பூந்தொட்டி மண், இடித்த சுவரின் தூசு, ஈரம் ஊறிய சீலிங் எல்லாம் அவற்றின் வீடுகள். நாம் எல்லோருமே நாள்தோறும் நூற்றுக்கணக்கில் அவற்றை மூச்சோடு இழுக்கிறோம். ஒரு வித்தின் அகலம் 2 முதல் 3 மைக்ரோமீட்டர்தான். அவ்வளவு சிறியது மூக்கிலும் தொண்டையிலும் சிக்காமல் காற்றுப்பை வரை போய்விடும். உலகத்தில் உள்ள பூஞ்சைகளில் பெரும்பாலானவை நம் உடலின் 37 டிகிரி சூட்டைத் தாங்காது. ஆஸ்பர்ஜில்லஸ் ஃபுமிகேட்டஸோ குப்பைக் குவியலின் 50 டிகிரி சூட்டிலும் வளரும்.

உறங்கும் வித்தின் மேல் ஒரு புரத உறையும் அதன் அடியில் மெலனின் நிறமியும் இருக்கின்றன. இந்த உறை உள்ளவரை உடலின் காவல் அணுக்கள் அதைப் பெரிதாகக் கண்டுகொள்வதில்லை. இது நமக்கும் நல்லதுதான். உள்ளே வரும் ஒவ்வொரு வித்துக்கும் நுரையீரல் வீங்கினால் நம்மால் மூச்சுவிடவே முடியாது. வித்து ஈரத்தை உறிஞ்சிச் சில மணி நேரத்தில் உப்பும்போது உறை கிழிந்து, உள்சுவரில் உள்ள பீட்டா குளூக்கன் என்ற சர்க்கரைப் பொருள் வெளியே தெரியும். காற்றுப்பையில் குடியிருக்கும் மேக்ரோஃபேஜ் என்ற காவல் அணுக்களின் மேல் டெக்டின்-1 என்ற ஏற்பி இருக்கிறது. அது பீட்டா குளூக்கனைப் பற்றியதும் இரண்டு காரியம் நடக்கிறது. மேக்ரோஃபேஜ் அந்த வித்தை விழுங்கி, உள்ளே அமிலத்தில் கரைக்கத் தொடங்குகிறது. கூடவே சைட்டோகைன் என்ற சமிக்ஞைப் பொருள்களைச் சுரந்து, ரத்தத்தில் ஓடும் நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்களை அந்த இடத்துக்கு வரவழைக்கிறது.

மேக்ரோஃபேஜிடம் தப்பிய வித்து முளைத்து இழையாக நீண்டுவிட்டால் ஆட்டம் மாறிவிடும். மிளகை விழுங்கிவிடலாம், முழு முருங்கைக்காயை விழுங்க முடியாது அல்லவா? நியூட்ரோஃபில்களின் நிலையும் அதுதான். அவை கூட்டமாக வந்து இழையின் மேல் ஒட்டிக்கொண்டு, என்ஏடிபிஹெச் ஆக்சிடேஸ் என்ற நொதியின் உதவியால் நச்சு ஆக்சிஜன் வகைகளைக் கக்குகின்றன. சில, தம் டிஎன்ஏவையே வலையாக வீசிச் சாகின்றன. அந்த வலையில் உள்ள கால்புரோடெக்டின் துத்தநாகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். லாக்டோஃபெரின் இரும்பைப் பறித்துக்கொள்ளும். இவை இல்லாமல் பூஞ்சையால் வளர முடியாது. அந்த நொதி பிறவியிலேயே இல்லாத குழந்தைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு வெள்ளை அணு எண்ணிக்கை சரியாகவே இருக்கும், ஆனால் ஆஸ்பர்ஜில்லஸ் வாழ்நாள் முழுதும் துரத்தும். எத்தனை அணு இருக்கிறது என்பதோடு, அவற்றால் கொல்ல முடிகிறதா என்பதும் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை.

நலமாக உள்ளவரின் எலும்பு மஜ்ஜை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி நியூட்ரோஃபில்களை உண்டாக்குகிறது. ஒவ்வொன்றும் ரத்தத்தில் ஒரு நாள் ஓடினாலே அதிகம். அதனால்தான் கீமோ மஜ்ஜையை நிறுத்தியதும் எண்ணிக்கை இவ்வளவு வேகமாக விழுகிறது. எண்ணிக்கை எவ்வளவு குறைகிறதோ, எத்தனை நாள் அப்படியே கிடக்கிறதோ, அவ்வளவுக்குத் தொற்று கூடும் என்பதை 1966இலேயே போடி என்ற மருத்துவரும் குழுவினரும் ரத்தப் புற்றுநோயாளிகளிடம் காட்டினார்கள். இன்று நாங்கள் வைத்திருக்கும் கோடு, ஒரு மைக்ரோலிட்டரில் 500க்குக் கீழே, 10 நாளுக்கு மேல். உங்கள் தம்பி மூன்று வாரம் அதற்குக் கீழே இருந்திருக்கிறார்.

அந்த மூன்று வாரத்தில் இழை காற்றுப்பையைத் தாண்டி ரத்தக்குழாயின் சுவரைத் துளைத்து உள்ளே போகிறது. குழாய் உறைந்து அடைபடுகிறது. அந்தக் குழாயை நம்பியிருந்த நுரையீரல் பகுதி ரத்தமின்றிச் செத்துப்போகிறது. முதல் ஸ்கேனில் தெரிந்த கட்டி அதுதான். அதைச் சுற்றி மங்கலாக ஒரு வளையம் இருந்தால் அது கசிந்த ரத்தம். இவ்வளவு நடந்தும் காய்ச்சலைத் தவிர வேறொன்றும் பெரிதாகத் தெரியாமல் போனதற்குக் காரணம் உண்டு. சளி, சீழ், நெஞ்சுவலி, எக்ஸ்ரேயில் வெள்ளைப் படலம் எல்லாவற்றிலும் நியூட்ரோஃபில்களின் கை இருக்கிறது. அவை இல்லாதபோது நோய் ஓசையில்லாமல் வளரும்.

இப்போது அணுக்கள் திரும்புகின்றன. நேராகச் செத்த பகுதிக்குப் போய், நொதிகளைக் கொட்டி அதைக் கரைக்கின்றன. செத்த துண்டு சுற்றியுள்ள உயிருள்ள திசுவிலிருந்து பிரிகிறது. இடையில் காற்று நுழைகிறது. படத்தில் அது பிறை போலத் தெரியும், பிறகு முழு ஓட்டையாகும். நீங்கள் எழுதிய ஓட்டை பெரும்பாலும் இதுவே. ஆனால் கரைக்கும் நொதிகளுக்குப் பூஞ்சை எது, பக்கத்தில் ஓடும் ரத்தக்குழாய் எது என்ற பேதம் கிடையாது. குழாயைத் தாங்கிப் பிடித்திருந்த திசு போய்விட்டால் சுவர் மெலிந்து கசியும். கட்டி பெரிய ரத்தக்குழாய்க்குப் பக்கத்தில் இருக்கிறதா என்று மருத்துவரிடம் கட்டாயம் கேளுங்கள். இருந்தால் ஸ்கேனை முன்கூட்டியே திரும்ப எடுப்பார்கள், பிளேட்லெட் ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் கசியும் குழாயை உள்ளிருந்தே அடைப்பார்கள், அல்லது நெஞ்சு அறுவை மருத்துவரை அழைப்பார்கள்.

இன்னொன்று. சரியான மருந்து சரியான அளவில் போனாலும் முதல் 7 முதல் 10 நாள் வரை கட்டியின் அளவு கூடவே செய்யும். ஆகவே நிலைமை மோசமாகாதவரை சிகிச்சை தொடங்கி இரண்டு வாரத்துக்கு முன் எடுக்கும் படத்தை வைத்து மருந்தை மாற்றுவது தவறான முடிவாகிவிடலாம்.

அப்படியானால் மருந்து உண்மையிலேயே கேட்கவில்லை என்பதை எப்படி அறிவது? அணுக்கள் ஏறிய பிறகும் காய்ச்சல் விடாமல் அடிப்பது, எதிர்ப்பக்க நுரையீரலிலும் புதுக் கட்டிகள், ரத்தத்தில் கேலக்டோமன்னன் என்ற பூஞ்சைப் பொருளின் அளவு இறங்காமல் நிற்பது அல்லது ஏறுவது, மூக்கடைப்போடு முகத்தின் ஒரு பக்கம் வலியோ மூக்கில் கறுப்புப் பொருக்கோ வருவது. இவற்றில் ஒன்று இருந்தாலும் குழு மறுபடி தேட வேண்டும். பெரும்பாலும் சந்தேகப்பட வேண்டியவை மூன்று. மருந்தின் அளவு ரத்தத்தில் போதவில்லை. அல்லது பூஞ்சை வேறு: மியூக்கர் வகைக்கு வோரிகோனசோல் வேலை செய்யாது, ஆம்ஃபோடெரிசின் வேண்டும். அல்லது காசநோயோ பாக்டீரியாவோ கூடவே இருக்கிறது. மலேசியாவில் காசநோயை மறந்துவிட்டு நுரையீரலில் ஓட்டையைப் பார்க்கக் கூடாது. நுரையீரலுக்குள் குழாய்விட்டுக் கழுவிய நீரைச் சோதித்தால் இவை பிரிந்து தெரியும். காசநோய் என்று உறுதியானால் ரிஃபாம்பிசினை வோரிகோனசோலோடு சேர்த்துக் கொடுக்கவே கூடாது. அது வோரிகோனசோலை ரத்தத்தில் கிட்டத்தட்ட இல்லாமல் ஆக்கிவிடும்.

வோரிகோனசோலைப் பற்றி வீட்டார் தெரிந்திருக்க வேண்டியது நிறைய. 2002இல் வெளிவந்த பெரிய ஒப்பீட்டில், 12 வாரத்தில் உயிரோடு இருந்தவர்கள் வோரிகோனசோல் பிரிவில் 70.8 விழுக்காடு, பழைய ஆம்ஃபோடெரிசின் பிரிவில் 57.9 விழுக்காடு. இதனால்தான் அது முதல் வரிசை மருந்துகளில் ஒன்றானது. ஆனால் ஒரே மாத்திரை ஒருவர் ரத்தத்தில் பாதியளவும் இன்னொருவர் ரத்தத்தில் பல மடங்கும் இருக்கும். காரணம் அதைச் சிதைக்கும் கல்லீரல் நொதி பரம்பரையாக ஆளுக்கு ஆள் மாறுவது. அது மந்தமாக வேலை செய்பவர்கள் ஆசிய மக்களிடையே அதிகம். எனவே தொடங்கி ஏறத்தாழ 5 நாள் கழித்து, அடுத்த வேளை மருந்துக்குச் சற்று முன் ரத்தம் எடுத்து அளவு பார்க்க வேண்டும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குக் குறைந்தால் பூஞ்சை தப்பும். 5.5ஐத் தாண்டினால் இல்லாதது இருப்பதுபோல் தெரியும், குழப்பம் வரும், கல்லீரல் கெடும். ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாறும்போதும் மறுபடி பார்ப்பது நல்லது. தம்பியின் அளவு என்ன வந்தது என்று கேட்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்போ ஒரு மணி நேரம் பின்போ கொடுங்கள். நாசி லெமாக்கோடு விழுங்கினால் கொழுப்பு மருந்தின் ஒரு பகுதியை உடலில் சேர விடாது. போட்ட அரை மணி நேரத்தில் கண் கூசுவதும் நிறங்கள் மாறித் தெரிவதும் வந்து போகும். பயப்பட வேண்டாம், ஆனால் இரவில் வண்டி ஓட்டக் கூடாது. நம் ஊர் வெயிலில் தோல் சீக்கிரம் கன்றிவிடும். முழுக்கைச் சட்டையும் தொப்பியும் பழக்கமாகட்டும். சிகிச்சை குறைந்தது 6 முதல் 12 வாரம். அடுத்தடுத்த கீமோ சுற்றுகளிலும் அணுக்கள் விழும் என்பதால் பூஞ்சை மருந்து ஏதாவது ஒன்று கூடவே ஓட வேண்டும். இருமல் நின்றுவிட்டது என்று பாதியில் விடுபவர்களுக்குத்தான் அடுத்த சுற்றில் திரும்பி வருகிறது. எந்தக் கிளினிக்குப் போனாலும் மருந்துப் பட்டியலைக் காட்டுங்கள். கொழுப்புக்கான சிம்வஸ்டாட்டின், வலிப்புக்கான கார்பமசெபின், ரத்தப் புற்றுநோய்க்கான வெனிடோகிளாக்ஸ், வின்கிரிஸ்டின் என்று இதனோடு மோதும் மருந்துகள் பல.

இப்போது அம்மாவின் கஷாயம். பெற்ற மனம் சும்மா இருக்காது, புரிகிறது. ஆனால் எதிர்ப்பு சக்தியைப் பொதுவாக ஏற்றுவது என்று ஒரு காரியமே உடலில் இல்லை. ஒவ்வொரு பூஞ்சைக்கும் ஒவ்வொரு பிரிவு காவல். வாயில் கேண்டிடா என்ற பூஞ்சையைத் தடுத்து நிறுத்துவது, வெள்ளை அணுக்களில் ஒரு பிரிவான டி அணுக்களில் டிஹெச்17 என்ற வகை. அதே கேண்டிடா ரத்தத்தில் இறங்காமல் காப்பது நியூட்ரோஃபில்களும் சிதையாத குடல் சுவரும். எச்ஐவியால் டி அணுக்கள் குறைந்தவர்களுக்கு வாயெல்லாம் வெள்ளை படிந்தாலும் அது ரத்தத்தில் பரவுவது அரிது என்பதற்கு இதுவே விளக்கம். புறா எச்சத்தில் இருக்கும் கிரிப்டோகாக்கஸ் மூளைக்குப் போகாமல் தடுப்பது டி அணுக்களில் சிடி4 என்ற பிரிவு. அந்த மூளைத் தொற்று உள்ள எச்ஐவி நோயாளிக்குப் பூஞ்சை மருந்தைத் தொடங்கி, எச்ஐவி மருந்தை 4 முதல் 6 வாரம் வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறோம். காவல் அணுக்கள் திடீரென்று திரும்பினால் அவை உண்டாக்கும் வீக்கமே ஆளைக் கொன்றுவிடும். ஸ்டீராய்டு இதற்கு மறுமுனை: எண்ணிக்கையைக் குறைக்காமலே அணுக்களின் கொல்லும் திறனைப் பறித்துவிடும். 2021இல் இந்தியாவில் கட்டுக்கடங்காத நீரிழிவும் கோவிடுக்குக் கொடுத்த ஸ்டீராய்டும் சேர்ந்து மியூக்கர் நோயை எப்படிப் பரப்பின என்பதைப் பார்த்தோம். எதிர்ப்பு குறைந்தாலும் ஆபத்து, அளவு மீறினாலும் ஆபத்து. தம்பிக்குக் குறைந்தவை நியூட்ரோஃபில்கள். அவற்றை உண்டாக்கும் மூலிகை எதுவும் இல்லை. மஜ்ஜை விழித்துக்கொண்டால் அவை தானே வரும். தேவையென்றால் மஜ்ஜையைத் தூண்டும் ஜி-சிஎஸ்எஃப் ஊசி போடலாமா என்பதை ரத்தநோய் மருத்துவர் முடிவு செய்வார்.

சீந்தில் வேண்டவே வேண்டாம். கோவிட் காலத்தில் அதைக் குடித்துக் கல்லீரல் அழற்சியோடு வந்தவர்களைப் பற்றி இந்திய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். வோரிகோனசோலும் கல்லீரலைத் தொடும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்து நொதிகள் ஏறினால், உயிர்காக்கும் மருந்தைத்தான் முதலில் நிறுத்த நேரும். ஸ்னேக் கிராஸைப் பச்சையாக அரைத்துக் கொடுப்பதில் மண்ணின் பாக்டீரியாவும் வித்துகளும் சேர்ந்தே போகும். பீட்டா குளூக்கன் காப்ஸ்யூல் என்று காளான் வில்லைகள் விற்கிறார்கள். அதுவும் வேண்டாம், பீட்டா குளூக்கன் காவல் அணுக்களுக்கு எச்சரிக்கை மணி அடிப்பது மட்டும்தான். தம்பியின் உடலில் எச்சரிக்கை மணிக்குப் பஞ்சம் இல்லை, மணியோசை கேட்டு ஓடிவரும் அணுக்களுக்குத்தான் பஞ்சம். வயிற்றுப்போக்குக்கு விற்கும் உயிருள்ள ஈஸ்ட் காப்ஸ்யூலும் கூடாது. கழுத்திலோ நெஞ்சிலோ குழாய் வைத்திருப்பவருக்கு அந்த ஈஸ்டே ரத்தத்தில் ஏறியிருக்கிறது. அம்மாவிடம் வேறு வேலை கொடுங்கள்: மிளகு ரசமோ மஞ்சள் போட்ட மீன் குழம்போ நன்றாகக் கொதிக்க வைத்துச் சூடாகக் கொடுக்கட்டும். மிளகுத் தூளை மேலாகத் தூவ வேண்டாம், அதில் பூஞ்சை வித்துகள் இருக்கும். டெம்பே பூஞ்சையை வளர்த்தே செய்வது. முழுதாகப் பொரித்தால் சாப்பிடலாம். புளிக்க வைத்த தாப்பாய் வேண்டாம்.

வீட்டைப் பொறுத்தவரை என் முதல் கவலை பக்கத்து வீட்டு ரெனோவேஷன். டைல்ஸ் உடைக்கும் வேலை நடந்தால் அந்த நாள்களுக்குத் தம்பியை வேறு வீட்டில் தங்க வையுங்கள். ஜன்னல் சாத்துவது மட்டும் போதாது. பால்கனியில் பூந்தொட்டி, ஆர்க்கிட், உரப்பை இருந்தால் அப்புறப்படுத்துங்கள். விசிறி, ஏர்கான், குளியலறைச் சுவர் இவற்றை அவர் வருவதற்கு முன்பே, அவர் இல்லாதபோது, ஈரத்துணியால் துடையுங்கள். உலர்ந்த துடைப்பம் தூசைக் கிளப்பிவிடும். பூசணத்துக்குக் குளோராக்ஸ் ப்ளீச் போட்டால் கழிவறை அமிலத்தோடு கலக்காதீர்கள், விஷவாயு வரும். புகைமூட்டக் காலத்திலும் மருத்துவமனைக்குப் போய்வரும்போதும் முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசம் போடட்டும். சாதாரண நீலக் கவசம் 3 மைக்ரோமீட்டர் வித்தை நம்பகமாகத் தடுக்காது. தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு வேண்டுதல் இருந்தால் அவருக்குப் பதிலாக நீங்கள் பால்குடம் எடுங்கள். அலகு குத்துவதும் கூட்டத்தில் நிற்பதும் கீமோ முடிந்து மருத்துவர் சரி என்று சொல்லும்வரை இல்லை. காய்ச்சல் 38ஐத் தொட்டால் பாரசிட்டமோல் கொடுத்துப் பார்ப்போம் என்று நிற்காமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். நுழைந்ததும் "கீமோ நோயாளி, காய்ச்சல்" என்று சொல்லுங்கள். முதல் ஆன்டிபயாட்டிக் ஒரு மணி நேரத்துக்குள் ஏற வேண்டும்.

கடைசியாக, உங்கள் ரத்தம். வெள்ளை அணு தானம் என்று ஒன்று உண்டு. கொடுப்பவருக்கு ஜி-சிஎஸ்எஃப் ஊசியும் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் கொடுத்து, இயந்திரத்தில் நியூட்ரோஃபில்களைப் பிரித்தெடுத்து உடனே ஏற்றுவார்கள். ஏற்றிய அணுக்கள் சில மணி நேரமே தாங்கும், தினமும் வேண்டும். 2015இல் முடிவு வெளியான ஆய்வு அதனால் தெளிவான பலனைக் காட்டவில்லை. போதிய நோயாளிகளும் அதில் சேரவில்லை. தம்பிக்கு இப்போது சொந்த அணுக்களே ஏறுவதால் அந்தக் கேள்வி எழவில்லை. அதைவிட முக்கியமான காரணத்துக்காக நீங்கள் அவருக்கு ரத்தமோ பிளேட்லெட்டோ வெள்ளை அணுவோ எதுவும் கொடுக்காதீர்கள். பின்னால் மஜ்ஜை மாற்று தேவைப்பட்டால், உடன்பிறந்தவராகிய உங்களைத்தான் முதலில் பார்ப்பார்கள். உங்கள் அணுக்கள் இப்போதே அவர் உடலுக்குள் போனால் அவற்றுக்கு எதிராக அவர் உடல் எதிர்ப்புப் பொருள்களை உண்டாக்கி, பிறகு உங்கள் மஜ்ஜையை ஏற்க மறுக்கலாம். ஒரே தாய் தந்தைக்குப் பிறந்த ஒவ்வொருவரும் முழுதாகப் பொருந்த 25 விழுக்காடு வாய்ப்பு உண்டு. பூஞ்சை வந்துவிட்டதால் மாற்று சிகிச்சை முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மருந்துக்குக் கட்டி சுருங்கி, தடுப்பு மருந்து தொடர்ந்தால் பலருக்குச் செய்திருக்கிறார்கள். எச்எல்ஏ என்ற திசுப் பொருத்தம் பார்க்கக் கொஞ்சம் ரத்தமோ கன்னத்தின் உட்புறம் பஞ்சால் எடுத்த மாதிரியோ போதும். அடுத்த கிளினிக்கில் ரத்தநோய் மருத்துவரிடம் நீங்களே கேளுங்கள், மற்ற உடன்பிறப்புகளையும் அழைத்துப் போங்கள்.